நாக்குக்கு அடியில்

அப்பாவின் படத்திறப்புக்கு வாழ்க்கைக் குறிப்பு ஒன்று எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் வைரக்கண்ணு அண்ணன் கேட்டார். அரைப் பக்கம் போதுமாம், அதற்கு மேல் போனால் நோட்டீசில் இடமிருக்காதாம். "நீங்க டீச்சரு, உங்களுக்கு என்னா கஷ்டம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் என்றால் பேனாவை எடுத்ததும் எழுத்து தானாகக் கொட்டும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அந்த அரைப் பக்கத்துக்கு எனக்கு நாலு நாள் பிடித்தது.

எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். மருதையன், குடவாசலுக்குத் தெற்கே உள்ள ஊர், பண்ணையாள் குடும்பம். பிறந்த வருடம் உத்தேசமாக நாற்பத்தாறு. இருபது வயதில் விவசாயத் தொழிலாளர் சங்கம். மனைவி காத்தாயி, காலமாகிவிட்டார். ஒரே மகள் காளியம்மாள், ஆசிரியை. கடைசி இரண்டு வருடம் சிறுநீரகக் கோளாறால் சிகிச்சை பெற்று வந்தார்.

அந்தக் கடைசி வரியில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பொய் கிடக்கிறது, அது என்னால் வந்த பொய். நோட்டீசில் இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரக்கால் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அப்பாவைத் தெரியாது. அறுபத்தேழில் புது ஆட்சி வந்த சமயம், எங்கள் பக்கமெல்லாம் கூலிச் சண்டை. அப்போது கூலி நெல்லாகத்தான் கொடுப்பார்கள். களத்து மேட்டில் மரக்காலால் அளந்து போடுவார்கள். ஆட்கள் வீட்டுக்கு வந்து தங்கள் படியில் அளந்து பார்த்தால் எப்போதும் குறையும். நெல் உதிர்ந்திருக்கும், எலி தின்றிருக்கும், காய்ந்து சுண்டியிருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். அப்பா ஒருநாள், அளந்துகொண்டிருந்த பண்ணைக் காரியக்காரர் கையிலிருந்து மரக்காலைப் பிடுங்கிக் கவிழ்த்து அடியில் தட்டினார். சத்தம் சரியில்லை. கருக்கரிவாள் முனையை உள்ளே விட்டு நெம்பினார். அடியில் ஒரு விரல் கனத்துக்கு அரக்கு வார்த்திருந்தார்கள், அது அடை மாதிரி பெயர்ந்து வந்தது.

அன்றைக்குக் கிடைத்த அடியில் முன்பல் நாலு போயிற்று, இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியது மடங்கியதுதான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் களத்தில் சர்க்கார் முத்திரை போட்ட மரக்கால்தான் இறங்கும், அதை அப்பா கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் நெல் அளப்பார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கூட்டிக்கொண்டு போவார்கள். மருதையன் பார்த்துவிட்டால் சரி என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு பிடி நெல் கூடச் சொன்னார், குறையச் சொன்னார் என்று யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய சொத்து அது ஒன்றுதான். வேறு சொத்து என்றால் குடியிருக்கிற மனைக்குக் கிடைத்த பட்டா.

எழுபத்திரண்டு வயதில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து அவர் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அம்மா இல்லை. என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, அப்பாவைக் குளிப்பாட்டி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரியில் விட்டு, பெர்மிஷன் சொல்லிப் பள்ளிக்கூடம் ஓடி, மத்தியானம் மறுபடி ஓடிவந்து கூட்டிப் போக வேண்டும். ஹெச்.எம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத நாள் கிடையாது. எனக்கு அந்த இரண்டு வருடத்தில் ஞாபகம் இருப்பதெல்லாம் அசதி ஒன்றுதான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். உப்பு குறைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது. காயை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பாலும் பருப்பும் அளவாக, இல்லாவிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறி எலும்பையும் இதயத்தையும் கெடுக்கும். ஆனால் டயாலிசிஸில் சத்து போய்விடுவதால் கோழி, முட்டை வெள்ளைக்கரு, மீன் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, மூன்று வேளையும் சாப்பாட்டு நடுவில். சோற்றோடு போகிற பாஸ்பரஸை அது வயிற்றிலேயே பிடித்து வைத்து வெளியே தள்ளிவிடுமாம்.

தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினேன். எல்லாம் சரியாக நடந்தது, கோழி ஒன்றைத் தவிர. அப்பாவுக்கு வாயில் பல்லே இல்லை. நாட்டுக்கோழி மெல்ல முடியாது. பிராய்லரை வாங்கி, கழுவி, எலும்பு எடுத்து, மசிய வேகவைக்க எனக்கு நேரம் இல்லை. அப்போதுதான் குடவாசல் கடைத்தெருவில் ஜெக்கரியா பாய் கடையில் குளிர்பெட்டியில் அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்தேன். விரல் நீளத்துக்குக் கோழி சாசேஜ். எலும்பில்லை, தோலில்லை, சுத்தம் செய்யும் வேலையில்லை. வெந்நீரில் போட்டு எடுத்தால் வாழைப்பழம் மாதிரி இருக்கும்.

முதல் நாள் அப்பா அதைத் தட்டில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னா பாப்பா இது, கோழிங்கிற, காலு எங்க, றெக்க எங்க?"

"காலும் றெக்கையும் இருந்தா உங்களால திங்க முடியுமா? சாப்பிடுங்கப்பா."

வாயில் போட்டதும் அவர் முகம் மாறியது. உப்பில்லாச் சோற்றை ஆறு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

"உப்பு போட்டியா?"

"ஒரு கல்லுகூடப் போடல. ஜாடி பரண்லதானே இருக்கு."

"அப்புறம் எப்படி இப்படி ருசிக்குது?"

"கோழின்னா ருசிக்கும்" என்றேன். எனக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து வீட்டில் தினமும், ஆஸ்பத்திரி நாளில் டப்பாவில் நாலு துண்டு. ஊசி குத்திய வலது கையை அவர் அசைக்கக்கூடாது, இடது கையிலோ மடங்கின விரல் நிமிராது. அதனால் நான் புறப்படும் முன் ஊட்டிவிட்டுப் போவேன். டயாலிசிஸ் டெக்னீஷியன் மெஹராஜ் பேகம், அதிராம்பட்டினத்துப் பெண், "டீச்சர் நல்லா கவனிச்சுக்கிறாங்க" என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களிடம் சொல்லும்.

அதிலிருந்து மூன்றாம் மாதம் பாஸ்பரஸ் ஆறிலிருந்து ஏழைத் தாண்டியது. அடுத்த மாதம் எட்டு. அப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பை எடுத்து முதுகைச் சொறிவார், கதவு நிலையில் போய்த் தேய்ப்பார், சட்டையில் ரத்தக்கோடு தெரியும். இப்படியே போனால் நெஞ்சுக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். தாளில் எழுதிய எல்லாவற்றையும் செய்கிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மாத்திரையை நிஜமா முழுங்கறாரான்னு பாருங்க" என்றார்.

மெஹராஜ் பேகமும் அதைத்தான் சொன்னது. "பெரிய மாத்திரைல்ல டீச்சர், நெறைய பேரு வாய்ல வச்சுக்கிட்டு அப்புறம் துப்பிடுவாங்க. நாக்குக்கு அடியில பாருங்க."

அப்பா காதில் அது விழுந்தது. "நான் துப்பலம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு தடவை சொன்னால் போதும் என்று வாழ்ந்த மனிதர். அங்கே போதவில்லை.

நான் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று வேளையும், "ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மிட்டாய் தேடுகிற மாதிரி. பல்லில்லாத அந்த வாயை அவர் திறந்து, நாக்கைத் தூக்கி, நான் சரி என்று சொல்லும்வரை அப்படியே வைத்திருப்பார். முதல் வாரம் என் முகத்தைப் பார்த்தபடி திறந்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு திறந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியிலிருந்து அந்த வெள்ளை மாத்திரை ஒன்று உருண்டு வந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த வாரம் ஹெச்.எம். மெமோ கொடுத்திருந்தார், அதெல்லாம் சேர்ந்துகொண்டது.

"இது என்னாப்பா?"

"கை தவறி விழுந்திருக்கும். இந்த வெரலுதான் புடிக்க மாட்டேங்குதே. அன்னைக்கே வேற ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. நான் இங்க நாயா அலையறேன், நீங்க என்னை ஏமாத்திக்கிட்டு இருக்கீங்க."

சொல்லிவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, என் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு அவர் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் அழவில்லை, திட்டவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, குப்பைக்கூடையில் கிடந்த சாசேஜ் உறையை எடுத்து அலசி, மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, இதுல என்னா எழுதியிருக்கு, படி."

"எதுக்குப்பா, வந்ததும் வராததுமா..."

"சோத்தை அளந்தாச்சு. தண்ணியை அளந்தாச்சு. மாத்திரையை நீயே வாயில பாத்தாச்சு. எல்லாம் சரியா இருந்தும் எட்டுன்னு வருதுன்னா, நாம கவுத்துப் பாக்காதது ஒண்ணு இருக்கு. வீட்டுல வெளியாள் கையால வர்றது இது ஒண்ணுதான். இத தின்ன அப்புறந்தான் அரிப்பு ஜாஸ்தி. நானும் பத்து நாளாப் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்."

எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. எட்டு மாதமாக அந்தப் பாக்கெட்டை வாங்குகிறேன், ஒருநாளும் அதைப் படித்ததில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். சிக்கன் மீட், வாட்டர், அயோடைஸ்டு சால்ட், அப்புறம் ஸ்டெபிலைசர் என்று போட்டு 451 என்று ஒரு நம்பர்.

"உப்பு போட்டிருக்கான்ல?"

"ஆமாப்பா."

"அந்த நம்பரு என்னா?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பள்ளி சயின்ஸ் டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அது பாஸ்பேட் உப்பு. கறிக்குள் தண்ணீர் வடியாமல் பிடித்து வைப்பதற்காகச் சேர்ப்பது. கறி மெத்தென்று இருக்கும், எடையும் நிற்கும். பருப்பில் பாலில் இருக்கிற பாஸ்பரஸில் பாதியாவது உடம்பில் ஒட்டாமல் போய்விடுமாம், இப்படிச் சேர்க்கிறது கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்தில் ஏறிவிடுமாம். அந்த மாத்திரையால் பிடித்து மாளாது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் உறையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார்.

"தண்ணியைப் புடிச்சு வச்சு எடை காட்டுறானா. சரிதான். அடியில அரக்கு வச்சிருக்கான்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணு செய்யி. அடுத்த டெஸ்ட்டு வந்ததும் அந்தப் பொண்ணுக்கிட்ட எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. மருதையன் மாத்திரையைத் துப்பலன்னு."

"சொல்றேம்ப்பா. சத்தியமா."

அன்றிலிருந்து பாக்கெட் நின்றது. நாலரைக்குப் பதில் நாலுக்கு எழுந்து, பச்சைக் கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து அம்மியில் நசுக்கி ஊட்டினேன். ருசியே இல்லை என்பார், விழுங்குவார். அடுத்த மாத டெஸ்ட்டில் பாஸ்பரஸ் ஐந்தரை. அரிப்பு பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். துவைத்து மடித்த சட்டை, தோளில் சிவப்புத் துண்டு.

அன்று வார்டில் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் பஞ்சநதம், ஒரு காலத்தில் முப்பது வேலி நிலம் வைத்திருந்த மிராசு குடும்பம், இப்போது குத்தகைக்கு விட்ட நிலமும் வழக்கில் கிடக்கிறது. அவருக்குப் பொட்டாசியம் ஏறி முதல் நாள் மயங்கி விழுந்திருக்கிறார். மருமகள் மங்களாம்பிகை, அவர் கெஞ்சிக் கேட்டாரே என்று இளநீர் கொடுத்திருக்கிறாள், அதில் பொட்டாசியம் அதிகமாம். டாக்டர் எல்லார் எதிரிலும் அவளைக் காய்ச்சி எடுத்தார். டாக்டர் போன பிறகு கட்டிலுக்குக் கட்டில் பேச்சு. மருமகள் கை இளநீர், நிலம் வழக்கில் இருக்கிறது, கேட்க வேண்டுமா. அந்தப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஹராஜ் பேகம் எங்கள் கட்டிலுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தது. "அடேயப்பா, அஞ்சரை. பாத்தீங்களா, ஒழுங்கா மாத்திரை போட்டா எப்படி எறங்குதுன்னு. அப்ப இத்தனை நாளா துப்பிக்கிட்டுத்தானே இருந்தீங்க? இல்ல, வீட்டுல வேற எதுவும் கொடுத்தாங்களா?"

வார்டு முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

அதற்குள் அப்பா சொன்னார்: "ஆமாம்மா. துப்பிக்கிட்டுத்தான் இருந்தேன். கசந்துச்சு. பாப்பாவுக்குத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சநதம்கூடக் கண்ணைத் திறந்து, "மரக்கால் பாக்கற மருதையனே கள்ளக்கணக்கு காட்டிட்டாரே" என்றார். மெஹராஜ் பேகமும் சிரித்துக்கொண்டே நோட்டில் சிவப்பு மையால் எழுதியது. மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை, நோயாளியே ஒப்புக்கொண்டார்.

இல்லை, அவர் துப்பவில்லை, பாக்கெட் கோழி வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. சொல்லவில்லை. இன்னொரு ஏச்சு வாங்க உடம்பில் தெம்பில்லை என்பது ஒரு காரணம். மகளே விஷம் வைத்தாள் என்று கட்டிலுக்குக் கட்டில் பேசுவார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அந்த மருமகப் பொண்ணு நின்ன நெலைமையப் பாத்தல்ல?"

"அதுக்காக? எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னது நீங்கதானே?"

"என்னைப் பேசுனா ரெண்டு நாளு பேசுவான். நான் வாங்காததா. நீ ஏற்கனவே நொந்துபோயி இருக்க." கொஞ்ச நேரம் வெளியே நாற்று நட்ட வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நீ சொல்லுவன்னு ஒரு பக்கம் நெனச்சேன்" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

அதன்பிறகு பதினோரு மாதம் இருந்தார். அந்தப் பதினோரு மாதமும் வார்டில் அவர் பேர் 'துப்புற தாத்தா'. புதிதாக வருகிற நர்சுகள்கூட மாத்திரை கொடுத்தால் நின்று வாயைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவரும் கேட்பதற்கு முன்பே நாக்கைத் தூக்கிக் காட்டுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. அந்த எட்டு மாதக் கோழியால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். வயசு, சர்க்கரை, எல்லாம் சேர்ந்துதான் என்றார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

படத்திறப்பு எங்கள் தெரு முனையில் பந்தல் போட்டு நடந்தது. மாலை போட்ட படம், மைக், இருநூறு நாற்காலி. வைரக்கண்ணு அண்ணன் மரக்கால் கதையைச் சொன்னார். அப்புறம் தலைவர்கள் பேசினார்கள். பஞ்சநதம் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவரையும் பேசச் சொன்னார்கள். "எங்க தலைமுறைக்கு அவரு எதிரிதான். ஆனா அளவுல நேர்மையான மனுஷன். மாத்திரையில மட்டுந்தான் ஏமாத்துனாரு" என்றார். பந்தலில் பிரியமான சிரிப்பு எழுந்தது. படத்தில் அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். "எங்கப்பா ஒரு மாத்திரையைக்கூடத் துப்பல" என்றேன். "நான் பாக்கெட் கோழி வாங்கிக் கொடுத்தேன். அதுல இருந்ததுதான் அவரு ரத்தத்துல ஏறுச்சு. எனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு அவரு பொய் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பந்தலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பாவம், துக்கத்தில் என்னமோ பேசுகிறாள் என்று முன்வரிசையில் இரண்டு பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். வைரக்கண்ணு அண்ணன் என் தோளைத் தொட்டு உட்கார வைத்து, சோடா உடைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்தவரை அழைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மெஹராஜ் பேகம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. அதற்குப் புரிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த டப்பாவை நானும்தான் பாத்தேன் டீச்சர். கோழின்னுதான் நெனச்சேன். அது என்னா கோழின்னு ஒரு வார்த்தை கேக்கல." பிறகு கேட்டது: "நான் அன்னைக்கு வெளையாட்டாத்தானே கேட்டேன். அவரு ஏன் டீச்சர் அப்படிச் சொன்னாரு? இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்ல?"

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சோடா டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்களை நம்ப வைக்க அவருக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது" என்றேன். "வீட்டுல அவரு சொன்னப்ப நானே நம்பலையே."